மகள் கேட்கும் படிப்பு: மனித வளர்ச்சியும் குடும்ப அறிவியலும்

அருப்புக்கோட்டை ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் தமிழாசிரியராகப் பணிபுரிகிறேன். என் மகள் உயிரியல் பிரிவில் நல்ல மதிப்பெண்ணுடன் பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருக்கிறாள். செவிலியர் படிப்போ வேளாண்மையோ எடுப்பாள் என்று நாங்கள் எண்ணியிருக்க, மனையியல் அல்லது சமுதாய அறிவியல் பட்டத்தில் சேர்ந்து, பிறகு மனித வளர்ச்சியும் குடும்ப அறிவியலும் என்ற துறையில் மேற்படிப்பு வரை செல்ல வேண்டும் என்கிறாள்.

வீட்டில் ஒருவருக்கும் இது பிடிக்கவில்லை. "சமையல் படிப்புக்கா இவ்வளவு மதிப்பெண் வாங்கினாள்?" என்று என் தமையனார் கேட்கிறார். என் தாயார் ஏழு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். "பிள்ளை வளர்ப்பதைப் புத்தகம் வைத்தா படிக்க வேண்டும்?" என்று அவர் கேட்டதற்கு என்னால் விடை சொல்ல முடியவில்லை. மகளும் சரியாக விளக்கவில்லை, அழுதுவிட்டாள்.

இத்துறையில் என்னதான் கற்பிக்கிறார்கள், உளவியலிலிருந்து இது எவ்வாறு வேறுபடுகிறது, படித்து முடித்தால் பிழைப்புக்கு வழி உண்டா என்பவற்றை அறிந்தவர்கள் பொறுமையாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நொய்யல்:

ஐயா, வணக்கம். இத்துறையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். தங்கள் தமையனார் கேட்ட கேள்வியை என் தந்தையாரிடம் ஊரே கேட்டது.

மனையியல் என்பது சமையல் அன்று. உணவும் ஊட்டச்சத்தும், துணியும் ஆடையும், குடும்ப வள மேலாண்மை, விரிவாக்கக் கல்வி, மனித வளர்ச்சி என்று ஐந்து கிளைகளைக் கொண்ட படிப்பு அது. 1932இல் தில்லியில் தொடங்கப்பெற்ற லேடி இர்வின் கல்லூரி, 1950இல் பரோடாவின் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் உருவான மனையியல் புலம், 1957இல் கோவையில் எழுந்த அவினாசிலிங்கம் கல்லூரி ஆகியவை நம் நாட்டில் இப்படிப்பை வளர்த்தெடுத்த இடங்கள். வேளாண் பல்கலைக்கழகங்களில் இதே படிப்பு இப்போது சமுதாய அறிவியல் என்று பெயர் மாறியிருக்கிறது. மதுரையில் முன்பு மனையியல் கல்லூரி என்று இருந்தது இன்று சமுதாய அறிவியல் கல்லூரியாக இருக்கிறது. தங்கள் மகள் கேட்பது இந்த ஐந்தில் ஒரு கிளையை. பொருளாதாரப் பேச்சில் நாடுகளை வரிசைப்படுத்தும் "மனித மேம்பாடு" வேறு, இது வேறு. கருவில் தொடங்கி முதுமை வரை ஒரு மனிதர் உடலாலும் அறிவாலும் மொழியாலும் உணர்வாலும் எவ்வாறு மாறுகிறார், அந்த மாற்றத்தில் குடும்பத்தின் பங்கு என்ன என்பதே இங்கே பாடம்.

இப்படிச் சொன்னால் விளங்காது என்பதை அறிவேன். ஆகையால் என் முதல் செய்முறை வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன். கல்லூரிக்குள்ளேயே ஒரு மழலையர் பள்ளி நடந்தது; துறை நடத்தும் கல்லூரிகள் பலவற்றில் அப்படி ஒன்று இருக்கும். இருபது நிமிடம் ஒரே ஒரு குழந்தையைப் பார்த்து எழுதி வர வேண்டும். எனக்குப் பதினெட்டு வயது. மூன்று வயதுச் சிறுவன் ஒருவனைப் பார்த்து, "பிடிவாதக்காரன், பொம்மையைப் பகிர்ந்துகொள்ள மறுக்கிறான்" என்று எழுதிக் கொடுத்தேன். ஆசிரியை சிவப்பு மையால் "பிடிவாத" என்ற எழுத்துகளுக்குக் கீழே கோடிட்டு, "இதை எங்கே பார்த்தாய்? கையிலா, கண்ணிலா?" என்று எழுதித் திருப்பித் தந்தார்.

மறுநாள் அதே சிறுவனை மறுபடி பார்த்தேன். இடக்கையில் தகர லாரி ஒன்றைப் பிடித்திருந்தான். இன்னொரு பிள்ளை கை நீட்டியதும் லாரியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். வாசல் பக்கம் மூன்று முறை திரும்பிப் பார்த்தான். ஆயா வந்து அருகே உட்கார்ந்ததும் லாரியைத் தானாகவே தரையில் வைத்தான். பதிவேட்டைப் புரட்டியபோதுதான் அவன் பள்ளிக்கு வந்து இரண்டே நாள் ஆகியிருந்தது தெரிந்தது. வீட்டிலிருந்து அவனோடு வந்திருந்த ஒரே பொருள் அந்த லாரி.

பார்த்ததை எழுதுவதும், எண்ணியதை அதிலிருந்து பிரித்து வைப்பதும் ஒரு பயிற்சி. அது எனக்குக் கைவர ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. இப்பயிற்சியின் மேல்தான் மற்றவை எல்லாம் நிற்கின்றன. குழந்தை வளர்ச்சியை விளக்கிய அறிஞர்களான பியாஜே, வைகாட்ஸ்கி, எரிக்சன் ஆகியோரின் கோட்பாடுகளைப் பிறகு படிப்பாள். குழந்தையை ஏற்கெனவே பார்க்கக் கற்றிருந்தால்தான் அவை உயிரோடு இருக்கும். குழந்தைகளை அளக்கும் கருவிகளும் இப்படிப் பொறுமையாகப் பார்த்தே உருவாக்கப்பட்டவை. பிரமிளா பாதக் அவர்கள் கைக்குழந்தைகளின் வளர்ச்சியை அளக்க அமெரிக்காவில் உருவான பேலி அளவுகோலை அடிப்படையாகக் கொண்டு பரோடாக் குழந்தைகளைத் தொடர்ந்து ஆராய்ந்து வகுத்த இந்திய அளவுகோலில் உடலியக்கத்துக்கு 67 உருப்படிகளும் மனவளர்ச்சிக்கு 163 உருப்படிகளும் உள்ளன. இரண்டரை வயது வரையிலான இந்தியக் குழந்தையை அயல்நாட்டுக் குழந்தையோடு ஒப்பிடாமல் இந்தியக் குழந்தைகளோடு ஒப்பிட்டுப் பார்க்க அது வழி செய்தது.

தங்கள் தாயாரிடம் இவ்வாறு சொல்லிப் பாருங்கள். ஏழு பிள்ளைகளை வளர்த்தவர் அந்த ஏழு பேரையும் எந்தப் பேராசிரியரைவிடவும் நன்றாக அறிவார். முன்பின் தெரியாத ஒரு வீட்டில், தாய் வேலைக்குப் போயிருக்க, பேசத் தொடங்காத ஒரு குழந்தையின் முன்னால் பிறிதொருவரைக் கொண்டுபோய் நிறுத்தினால், அவருக்கு ஏழு பிள்ளைகளின் அனுபவம் இருக்காது. வேறு ஏதேனும் ஒன்று கையில் இருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தப் படிப்பு.

வைகைக்கரை:

அம்மையார் எழுதியவற்றில் எனக்கு மாறுபாடு இல்லை. எனினும் ஐயாவின் மூன்றாவது கேள்விக்கு யாராவது நேராகப் பதில் சொல்ல வேண்டும். பத்தாண்டுகளாகக் குழந்தைகள் பாதுகாப்புப் பணியில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் வந்த பிறகு மாவட்டந்தோறும் குழந்தைகளுக்காகப் பணிபுரிவோரின் தேவை கூடியிருக்கிறது. ஆயினும் அவற்றில் பெரும்பாலானவை ஒப்பந்தப் பணிகள். அவற்றுக்குச் சமூகப் பணி, உளவியல், சமூகவியல் படித்தவர்களும் போட்டியிடுவார்கள். நம் துறையில் பட்டத்தின் பெயர் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறுகிறது. அறிவிக்கையில் உள்ள பெயரும் சான்றிதழில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டும் ஒரே தகுதிதான் என்னும் இணைத்தன்மைச் சான்று கேட்டு அலைய வேண்டியிருக்கும். நான் அலைந்தேன். விண்ணப்பிக்க வேண்டிய கடைசி நாள் கடந்த பிறகே என் சான்று கைக்கு வந்தது.

மற்றொன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இப்பட்டத்தை வைத்துக்கொண்டு தன்னை மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்ள இயலாது. அதற்கு 1992ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கழகம் ஏற்கும் தனிப்படிப்பும் பதிவும் தேவை. சிறப்புக் கல்வியாளர் ஆவதற்கும் அக்கழகத்தின் பதிவு வேண்டும். "ஆலோசகர் ஆகிவிடலாம்" என்று சேர்க்கையின்போது யாரேனும் சொன்னால், எந்த ஆலோசகர், எந்தப் பதிவின் கீழ் என்று கேளுங்கள்.

உளவியலில் பட்டம் எடுத்துவிட்டுப் பிறகு இத்துறைக்குள் வருவது பாதுகாப்பான வழி என்பது என் கருத்து.

நொய்யல்:

வைகைக்கரை அவர்கள் சொல்லும் சான்றிதழ்ச் சிக்கல் உண்மையானது. என் மாணவியர் சிலரும் அதனால் வாய்ப்பை இழந்திருக்கிறார்கள். சேர்வதற்கு முன்பே, பட்டத்தில் அச்சாகும் பெயர் என்ன என்று கேட்டு, தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் பழைய அறிவிக்கைகளில் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலர் பணிக்கான கல்வித் தகுதியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். கல்லூரிப் பணிக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் தேசியத் தகுதித் தேர்வில் மனையியல் தனிப் பாடமாக உள்ளது. அதன் எண் 12.

உளவியல் முதலில் என்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. உளவியல் மாணவி பெரும்பாலும் தனிமனிதரிலிருந்து தொடங்குவாள். இங்கே முதலாண்டிலிருந்தே குழந்தையை அதன் வீட்டோடு, தெருவோடு, தாய்க்குக் கிடைக்கும் கூலியோடு சேர்த்துப் பார்க்கப் பழக்குகிறோம். அந்தப் பழக்கம் பிறகு எளிதில் வருவதில்லை.

பாலவாடி:

வணக்கம். நான் அங்கன்வாடி மையங்களின் மேற்பார்வையாளர். மனித வளர்ச்சியைச் சிறப்புப் பாடமாக எடுத்துப் படித்தவள். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. சத்துமாவும் முட்டையும் எடை போடுவதும்தான் அங்கன்வாடி என்று பலர் எண்ணுகிறார்கள். முன்பருவக் கல்வியும் அதன் ஆறு பணிகளுள் ஒன்று. படித்தது எனக்கு எங்கே பயன்பட்டது, எங்கே என்னைத் திருத்தியது என்று இரண்டு செய்திகள் சொல்கிறேன்.

பதினான்கு மாதக் குழந்தை நடக்கவில்லை என்று ஒரு தாய் அழுதுகொண்டு வந்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்து மாதத்திலேயே நடந்துவிட்டதாம். இவர் கருவுற்றிருந்தபோது எதையோ தின்றதால்தான் இப்படி என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட நாடுகளில் குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2006இல் வெளியிட்ட அளவுகளின்படி, பிடிமானமின்றி நடக்கும் பருவம் 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை நீள்கிறது. அந்தக் குழந்தை சுவரைப் பிடித்து நின்றது. பக்கவாட்டில் இரண்டு அடி எடுத்து வைத்தது. கீழே கிடந்த பொட்டுக்கடலையை இரு விரலால் எடுத்தது. இவற்றையெல்லாம் அந்தத் தாய்க்குக் காட்டி, பதினெட்டாம் மாதம் தொடங்கும்போது மறுபடி வந்து பார்க்கிறேன் என்றேன். "தவழவே இல்லையே, நேரே நிற்கிறானே" என்று அவருக்கு இன்னொரு கவலையும் இருந்தது. கைகளாலும் முழங்கால்களாலும் தவழாமலே நடந்துவிடும் குழந்தைகள் அந்த ஆய்விலேயே 4.3 விழுக்காடு இருந்தார்கள். பதினாறாவது மாதத்தில் நடந்துவிட்டான்.

இரண்டாவது என் பிழை. இரண்டே கால் வயதுப் பெண் குழந்தை. கூப்பிட்டால் வராது, பேச்சும் இல்லை. "கூச்ச சுபாவம்" என்று நானே குறிப்பேட்டில் எழுதினேன். நொய்யல் அம்மா கோடிட்டிருக்க வேண்டிய சொல். நான்கு மாதம் கழித்து, என்னோடு படித்த தோழி ஒருத்தி மையத்துக்கு வந்தாள். குழந்தை முதுகு காட்டி உட்கார்ந்திருந்தபோது, எவர்சில்வர் தட்டு ஒன்றைச் சிமெண்டுத் தரையில் தற்செயலாகப் போட்டுவிட்டாள். மற்ற பிள்ளைகள் எல்லாம் திரும்பினார்கள். இது மட்டும் மணிகளைக் கோத்துக்கொண்டே இருந்தது. மாவட்ட மருத்துவமனையிலுள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பினோம். இரண்டு காதுகளிலும் கேட்கும் திறன் குறைவு என்று உறுதியாயிற்று. நான்கு மாதம் என்பது அந்த வயதில் சிறிய காலம் அன்று. அதற்குப் பின் என் வட்டாரத்தில் எந்தப் பணியாளரும் "கூச்சம்" என்று எழுதினால், எதைப் பார்த்து எழுதினீர்கள் என்று கேட்காமல் கையெழுத்திடுவதில்லை.

கடல் கடந்தவள்:

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இதே பெயருள்ள துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். "குடும்ப அறிவியல்" என்ற பாதியைப் பற்றி இங்கே பேச்சு குறைவாக இருப்பதால் எழுதுகிறேன்.

இங்கும் இது மனையியலிலிருந்து பிறந்த துறைதான். 1899 முதல் லேக் பிளாசிட் என்ற ஊரில் ஆண்டுதோறும் கூடி விவாதித்தவர்கள், எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ் அம்மையாரின் தலைமையில், 1909இல் அமெரிக்க மனையியல் சங்கத்தை நிறுவினார்கள். அவர் வேதியியல் படித்தவர்; குடிநீரின் தூய்மையை ஆராய்ந்தவர். பெண்களை ஆய்வுக்கூடங்களுக்குள் எளிதில் விடாத காலத்தில், அறிவியலுக்குள் பெண்கள் நுழைய மனையியல் ஒரு வாயிலாக இருந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் மனையியல் கல்லூரி 1969இல் மனிதச் சூழலியல் கல்லூரி என்று பெயர் மாறியது. அங்கே பணியாற்றிய யூரி பிரான்ஃபென்பிரென்னர் 1979இல் முன்வைத்த விளக்கம்தான் இன்றும் எங்கள் முதல் பாடம். குழந்தையைச் சுற்றிக் குடும்பம், பள்ளி. அவை ஒன்றோடொன்று கொள்ளும் உறவு. அதற்கு வெளியே குழந்தை காலடி வைக்காத, ஆனால் அதன் வாழ்வைத் தீர்மானிக்கும் தந்தையின் பணியிடம் போன்றவை. அதற்கும் வெளியே சட்டமும் பண்பாடும். சிவகாசியில் தீப்பெட்டி ஆலையின் வேலை நேரம் மாறினால் ஒரு குழந்தை தூங்கும் நேரம் மாறுகிறது அல்லவா, அதை ஆராய்வதற்கான சட்டகம் இது.

பெருமையை மட்டும் சொல்வது முறையாகாது. 1919 முதல் பல ஆண்டுகள், இதே கார்னெலில் மாணவியர் பழகுவதற்காக ஆதரவற்றோர் இல்லங்களிலிருந்து கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து, முறை வைத்துப் பல மாணவியர் வளர்த்தார்கள். நாடெங்கும் வேறு பல கல்லூரிகளும் அவ்வாறு செய்தன. குழந்தைக்கும் அதை வளர்ப்பவருக்கும் இடையே உருவாகும் பிணைப்பைப் பற்றுறவு என்போம். இன்று அதைப் பற்றிப் படிக்கும் எவருக்கும், ஒவ்வொரு வாரமும் தாயின் முகம் மாறிய அந்தக் குழந்தைகளை எண்ணினால் மனம் பொறுக்காது. எங்கள் ஆய்வு நெறி வகுப்பு இந்த வரலாற்றோடுதான் தொடங்குகிறது.

குடும்ப அறிவியல் பக்கத்தில் திருமணம், பிரிவு, வளர்ப்புக் குடும்பம், வீட்டுச் செலவு, முதியோர் பராமரிப்பு ஆகியவை வரும். கூடவே நிறைய புள்ளியியல் வரும். கணக்கைக் கண்டு அஞ்சுபவர்கள் இதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. மேரி ஐன்ஸ்வர்த் தாய்-சேய்ப் பற்றுறவைப் பற்றிய தம் கள ஆய்வை 1950களில் உகாண்டாவின் வீடுகளில்தான் தொடங்கினார். ஆனால் பின்னர் பால்டிமோரில் அவர் உருவாக்கிய சோதனை உலகெங்கும் பரவிவிட்டது. தாய் சிறிது நேரம் அறையை விட்டு வெளியேறுவதும், தெரியாத ஒருவர் குழந்தையோடு இருப்பதும் அச்சோதனையின் பகுதி. அத்தையும் பெரியம்மாவும் பக்கத்து வீட்டு அக்காளும் மாறி மாறித் தூக்கி வைத்திருக்கும் நம் வீட்டுக் குழந்தைக்கு அந்த அறை என்ன பொருள் தரும் என்பதே என் ஆய்வுக்கு அருகிலுள்ள கேள்வி. தமிழறிந்த வீட்டிலிருந்து இத்துறைக்கு ஆட்கள் வர வேண்டும் என்று நான் விரும்புவதற்குக் காரணமும் அதுதான்.

மூன்றாம் ஆண்டு:

நான் இப்போது படித்துக்கொண்டிருப்பவள். சென்ற பருவத்தில் எங்களுக்குக் குடும்ப ஆய்வு இருந்தது. ஒரு வீட்டுக்கு நான்கு முறை சென்று, காலை எழுந்ததிலிருந்து படுக்கும் வரை யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று குறிக்க வேண்டும். எழுபது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவரிடம் "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டேன். "நான் சும்மா இருக்கேம்மா" என்றார். அவர் அப்படிச் சொன்னபோது ஒரு பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு, முருங்கைக்கீரை உருவிக்கொண்டு, பால்காரருக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் முறை சென்றபோது கேள்வியை மாற்றி, "நேற்று விடிந்ததும் முதலில் எங்கே போனீர்கள்?" என்று தொடங்கினேன், இரண்டு பக்கம் நிறைந்தது. கேள்வியைச் சரியாகக் கேட்பதற்கே மூன்று ஆண்டு ஆகும் என்று எங்கள் ஆசிரியை சொன்னது அன்று விளங்கியது.

கடினம் எது என்று கேட்டால், பதிவேடுகள் எழுதும் சுமையும், கற்பித்தல் பொருள்களுக்கு ஆகும் செலவும். அட்டை, துணி, வண்ணம் எல்லாவற்றையும் நாங்களே வாங்க வேண்டியிருக்கிறது. ஐயா, தங்கள் மகளை அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். என் வீட்டிலும் அழுதுதான் சேர்ந்தேன்.

அருப்புக்கோட்டை ஆசிரியர்:

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொரு பதிவையும் மகளும் நானும் சேர்ந்து படித்தோம். வைகைக்கரை அவர்கள் எழுதியதை அச்செடுத்து வைத்திருக்கிறேன். பட்டத்தின் பெயரை எழுத்து மூலமாகக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பியாயிற்று.

தமிழாசிரியன் என்பதால் ஒன்றைக் கேட்கத் தோன்றுகிறது. பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதம் செங்கீரை, ஒன்பதாம் மாதம் சப்பாணி, பதின்மூன்றாம் மாதம் வருகை என்று பருவம் பிரிப்பார்கள். தலையெடுத்து ஆடுவது, உட்கார்ந்து கை கொட்டுவது, நடந்து வருவது என்ற வரிசையை முப்பது ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். பாலவாடி அம்மையார் சொன்ன மாதக் கணக்கோடு இது ஒத்துப்போவதைக் கண்டு வியந்தேன். இதையும் அறிவியல் எனலாமா?

மேலும், நொய்யல் அம்மா சொன்னதை நானே செய்து பார்த்தேன். நேற்று மாலை எதிர்வீட்டுக் குழந்தையை இருபது நிமிடம் பார்த்து எழுதியது இது. குழந்தைக்கு ஒன்றரை வயது.

"திண்ணையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கீழே கிடந்த செருப்பை எடுத்து வாயருகே கொண்டுபோகிறாள். தாய் 'ச்சீ' என்றதும் கீழே போடுகிறாள். மறுபடி எடுத்து, இம்முறை தாயைப் பார்த்தபடி வாயருகே கொண்டுபோகிறாள். தாய் சிரிக்கிறார். தாயை ஏமாற்றி விளையாடுகிறாள். பிறகு செருப்பைத் தன் காலருகே வைத்து ஆசையாக அதன்மேல் மிதிக்கிறாள். காலும் செருப்பும் மாறியிருக்கின்றன."

நொய்யல்:

ஐயா, முதலில் பிள்ளைத்தமிழ். அந்தப் பருவங்களை வகுத்தவர்கள் குழந்தைகளை அன்போடும் கூர்மையோடும் பார்த்தவர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. வரிசை அவ்வளவு சரியாக இருக்கிறது. ஆயினும் அது மரபு வகுத்த கணக்கு. ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரே ஒரு மாதம் சொல்கிறது. அளவுகோல் தொடக்கத்தையும் முடிவையும் சொல்கிறது, 8.2 முதல் 17.6 வரை என்ற அந்த இடைவெளியில்தான் பாலவாடி அவர்களிடம் அழுதுகொண்டு வந்த தாய்க்கு ஆறுதல் இருந்தது. இவ்விரண்டையும் எதிரெதிரே வைத்து ஒரு கட்டுரை எழுதும்படி தங்கள் மகளிடம் சொல்லுங்கள். தங்களைப் போன்ற ஒருவரின் துணை அவளுக்கு வீட்டிலேயே இருக்கிறது. எங்கள் மாணவியருள் பலருக்கு அது வாய்க்கவில்லை.

தங்கள் பதிவு மிக நன்று. இரண்டாம் முறை "தாயைப் பார்த்தபடி" என்று குறித்தீர்களே, அதைப் பல மாணவியர் தவறவிடுவார்கள். குழந்தை, தாய், செருப்பு என மூன்றுக்கும் இடையே பார்வை சென்று வருவது அந்த வயதின் பெரிய செய்தி. இரண்டு இடங்களில் மட்டும் கோடிட்டிருக்கிறேன்: "ஏமாற்றி விளையாடுகிறாள்", "ஆசையாக". இவற்றை எங்கே பார்த்தீர்கள்?

அருப்புக்கோட்டை ஆசிரியர்:

அம்மா, முதல் தொடருக்கு விடை இல்லை, அடித்துவிட்டேன். இரண்டாவது சொல்லுக்காக இன்று மாலை மகளோடு மறுபடி போய் உட்கார்ந்தேன். என் தாயாரும் கூட வந்து திண்ணையில் அமர்ந்தார். மகள் எழுதியது இது: "வலக்காலைச் செருப்பின் மேல் வைத்து எடுக்கிறாள். ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் குனிந்து பாதத்தைப் பார்க்கிறாள்." குழந்தை பார்த்தது பாதத்தை அன்று, செருப்பின் வாரை என்று என் தாயார் சொன்னார். வார் பிய்ந்திருந்தது, நாங்கள் இருவரும் அதைக் கவனிக்கவில்லை. மகள் அதையும் பாட்டி சொன்னதாகத் தனி வரியில் குறித்துக்கொண்டாள்.